தொண்டின் கதைகளில் தொண்டு பெறுவோர்

மருத்துவ ஊழிய ஞாயிறு வரும்போதெல்லாம் நம் அருளுரை மேடைகளில் தவறாது ஒலிக்கும் கதை ஒன்று உண்டு. 1890களின் தொடக்கம், திண்டிவனம், அமெரிக்க மிஷன் பங்களா. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் இரவில் தனித்து அமர்ந்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டுமென்று ஒரு பிராமணர் வேண்டுகிறார். தமக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவராகிய தம் தந்தையை அழைத்துச் செல்லலாம் என்கிறார் ஐடா. அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு வந்தவர் இசையவில்லை, திரும்பிவிடுகிறார். அடுத்து ஓர் இஸ்லாமியர். பின்னர் மற்றோர் உயர்குல இந்து. ஒரே வேண்டுகோள், ஒரே மறுப்பு. விடிந்தபின் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வருகிறது. ஐடா மருத்துவம் பயிலத் துணிகிறார். அருளுரையாளர் இங்கே சற்று நிறுத்தி, இன்று உங்கள் கதவைத் தட்டுவது யார் என்று சபையாரைக் கேட்கிறார். பின்னர் பாட்டு, காணிக்கை.

இக்கதையை நாமும் சொல்லியிருக்கிறோம். ஒரு முறையன்று, பல முறை. மேடையில் நிற்பவருக்கு இதுபோல் கைகொடுக்கும் கதை அரிது. நிகழ்ச்சியின் உண்மையை ஐயுறுவது நம் நோக்கமன்று; அம்மையாரே தம் அழைப்பின் வரலாறாக இதனைக் கூறிவந்தார். டாரத்தி கிளார்க் வில்சன் 1959ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இதனைப் பல நாட்டு வாசகரிடையே பரப்பிற்று. நம் தமிழ் அருளுரைகளிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் விழா மலர்களிலும் இக்கதை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதையே ஈண்டு ஆராய விழைகிறோம். ஏனெனில், தொண்டைப்பற்றி நாம் சொல்லும் கதையின் அமைப்பு, நாம் செய்யும் தொண்டின் அமைப்பாகவும் ஆகிவிடுகிறது என்பது நம் எண்ணம். இது மிகையான கூற்றாகச் சிலருக்குத் தோன்றலாம். பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

கதையில் இறந்தவர் மூவர். அவர்களுள் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. வாசலுக்கு வருவோர் ஆடவர், மறுப்போரும் ஆடவர், உள்ளம் கலங்குபவர் ஐடா. அம்மூன்று பெண்களும் என்ன விரும்பினர் என்று யாரும் கேட்டதாகக் கதை சொல்வதில்லை. அயல் ஆடவர் வருவதற்கு அவர்களும் இசையாதிருந்தனரா, அன்றி உயிர் பிழைத்தால் போதும் என்று கதறினரா? நமக்குத் தெரியாது. தெரியாது என்பது குற்றமன்று. தெரியவில்லையே என்னும் உறுத்தல் நம் அருளுரைகளில் எள்ளளவும் இல்லாமையே குற்றம்.

இன்னும் ஒருவர் கதையில் இல்லை. அவர் மருத்துவச்சி. அக்காலத்தில் நம் நாட்டுப் பிரசவங்களைப் பார்த்தவர் அவரே. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாவிதர் குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்துவந்தனர். அந்த மூன்று வீடுகளிலும் அன்றிரவு ஒரு மருத்துவச்சி இருந்திருப்பார் என்றே கருத வேண்டும். அருளுரைகளில் அவர் வந்தால் அறியாமையின் உருவமாகவே வருகிறார். பெரும்பாலும் வருவதே இல்லை. அவருடைய கைகள் அதற்கு முன் எத்தனை குழந்தைகளை உயிரோடு ஏந்தின என்பதை எண்ணிப்பார்க்கக் கதையில் இடமில்லை.

மற்றுமொன்று நோக்கத்தக்கது. அன்றிரவு கதவைத் தட்டியோர், வெள்ளைக்கார மருத்துவரின் பங்களாவுக்கு வந்து கேட்கவும், கிடைத்ததை வேண்டாமென்று மறுத்துச் செல்லவும் கூடிய நிலையில் இருந்தோர். அவ்வூரைச் சுற்றிச் சேரிகளும் இருந்தன. அங்கும் பெண்கள் கருவுற்றனர். அங்கும் பிரசவத்தில் இறந்தனர். அங்கிருந்து ஒருவர் இரவில் புறப்பட்டு அந்தக் கதவுவரை வந்து தட்டியிருக்க இயலுமா? தட்டப்பட்ட ஓசையை அழைப்பாகக் கேட்க நம்மைப் பழக்கும் கதை, தட்டவே இயலாதோரைப்பற்றி நம்மை எண்ணவிடுவதில்லை. நம் சபையாரில் பெரும்பாலோரின் பாட்டிமார் அந்தச் சேரிகளில் பிறந்தவர்கள் என்பதை நினைத்தால், இக்கதையைச் சொல்லும்போது நாம் யாருடைய இடத்தில் நின்று சொல்கிறோம் என்னும் கேள்வி எழாமற் போகாது.

ஐடா அம்மையார்மீது நாம் குறை கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. உண்மையில் அவருடைய வாழ்வே இக்கதைக்குச் சிறந்த மறுப்பு. 1899ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டில் வேலூரில் தம் தந்தையின் வீட்டு அறையொன்றில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1942இல் அது பட்டப் படிப்புக்குரிய கல்லூரியாயிற்று. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். நோயாளர் மருத்துவமனைக்கு வர இயலாமையை உணர்ந்து குடியாத்தம் செல்லும் சாலையோரத்து மரநிழல்களில் மருந்தகம் நடத்தினார். 1960இல் அவர் கொடைக்கானலில் இறந்தபோது, அந்த இரவு கழிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த எழுபது ஆண்டுகளில் நம் அருளுரைகள் எடுத்துக்கொள்வது ஓர் இரவை மட்டுமே. செவிலியர் பள்ளியைப்பற்றி யார் அருளுரை ஆற்றினார்? பாடத்திட்டம், விடுதி, தேர்வு, ஊதியம், துணி வெளுத்தல், ஊசியைக் கொதிநீரில் இடுதல் ஆகியவற்றில் கண்ணீருக்கு இடமில்லை. ஆனால் ஓர் அயல்நாட்டுப் பெண் ஆயிரம் கதவுகளுக்கு ஓடினாலும் தீராத இடரை, இந்நாட்டுப் பெண்களே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆவதால்தான் தீர்க்க இயலும் என்று அவர் கண்டார். 1918இல் தொடங்கிய பள்ளியின் முதல் அணியில் தேர்ச்சி பெற்று 1922இல் வெளிவந்த 14 பெண்கள் அந்த இரவுக்கு அவர் தந்த விடை. அந்தப் பதினால்வரின் பெயர்களை நம் சபைகளில் எத்தனை பேர் சொல்ல வல்லோம்? கொடுத்தவரின் பெயரை அறிந்து, கொடுக்கப்பட்டோர் கொடுப்போராக மாறிய வரலாற்றை மறந்துவிட்டோம்.

இதற்கு மாறான ஒரு வரலாறும் அதே வேலூரில் உண்டு. 1925இல் கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டில் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தொடங்கி நடத்தினார். இவருடைய வாழ்க்கையையும் வில்சனே 1963இல் எழுதினார். இங்கே நோயுற்றவரும் நோய் தீர்ப்பவரும் ஒருவரே. அறுவை அறைக்குள் சக்கர நாற்காலியில் வந்த மருத்துவரைக் கண்ட தொழுநோயாளர் என்ன எண்ணியிருப்பர் என்று நாம் பலமுறை நினைத்ததுண்டு. இவ்வரலாற்றையும் நம் மேடைகளில் சொல்கிறோம்; ஆனால் மனவுறுதியின் எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். தொண்டு செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே நாம் இட்டுள்ள கோட்டை இவ்வரலாறு அழிக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

கதையின் அமைப்பே தொண்டின் அமைப்பாகிறது என்றோம். இதற்குச் சான்றாக நாமே பங்குகொண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். கொரோனாத் தொற்றுக்கு முந்திய ஆண்டொன்றில், நகரத்துச் சபையொன்று அறுப்பின் பண்டிகையையொட்டிக் கிராமம் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்திற்று. மருத்துவர் நால்வர், வாலிபர் சங்கத்தார் இருபதுக்கு மேற்பட்டோர், பள்ளிக்கூட வராந்தாவில் மேசைகள், பந்தலில் பெரிய பதாகை. மருந்துச் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மேசையில் நாம் அமர்ந்திருந்தோம். இரத்த அழுத்தம் மிகுந்திருந்த மூதாட்டி ஒருவருக்குப் பத்து நாள் மாத்திரைகளை உறையில் இட்டுக் கொடுத்தோம். அவர் உறையை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"ஐயா, இது தீந்துபோச்சுன்னா மறுபடி எங்க வாங்குறது?"

"ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாத் தருவாங்கம்மா. அங்க போங்க."

"அங்க போய்ட்டு வந்தா ஒரு நாள் கூலி போயிரும்யா. நீங்க அடுத்த மாசம் வருவீங்கல்ல?"

வரிசையில் நின்றோர் நெருக்கினர். நாம் ஏதோ தலையசைத்தோம். அது ஆம் என்றும் இல்லை என்றும் கொள்ளத்தக்க அசைவு. அடுத்த மாதம் நாம் போகவில்லை. அதற்கு அடுத்த மாதமும் போகவில்லை. இரத்த அழுத்தம் பத்து நாளில் தீரும் நோயன்று என்பதை மருத்துவர் நால்வரும் அறிவர், நாமும் அறிவோம். காய்ச்சலும் சிரங்கும் மட்டுமே நோய்களாக இருந்த காலத்தில் முகாம் ஓரளவு பயன் தந்திருக்கலாம். வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டிய நோய்களுக்குப் பத்து நாள் உறையைக் கொடுத்துவிட்டு வருதல் மருத்துவமாகாது. அன்று மாலை எடுத்த புகைப்படம் சபை மலரில் வெளியாயிற்று. அதன் கீழ், முந்நூற்றுக்கு மேற்பட்ட ஏழை எளியோர் பயன் பெற்றனர் என்று அச்சிட்டிருந்தனர். அவ்வறிக்கையின் சொற்களை எழுதிக் கொடுத்தவர் நாமே.

அச்சொற்களை இப்போது எடுத்துப் பார்க்கிறோம். 'பயன் பெற்றனர்' என்பது முகாம் முடிந்த அன்றே எழுதப்பட்டது. பெற்ற பயன் யாதென எவர் அறிவார்? 'ஏழை எளியோர்' என்னும் இணைமொழி முகங்களை மறைத்துத் திரளாக்கிவிடுகிறது. அந்த மூதாட்டி பருத்திக் காட்டில் கூலி வேலை செய்பவர், தம் ஒரு நாள் ஊதியத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் என்பதெல்லாம் அத்திரளுக்குள் கரைந்துபோகின்றன. அரசு அறிக்கைகளிலிருந்து 'பயனாளி' என்னும் சொல்லும் இப்போது நம் சபைகளுக்குள் வந்துவிட்டது. பயனை ஆள்பவர் என்று பொருள்படும் இச்சொல்லுக்கு உரியவர் உண்மையில் எதையும் ஆள்வதில்லை என்பது இச்சொல்லின் வேடிக்கை. 'தொண்டு' என்னும் சொல்லோ வேறு வகையானது. அதற்கு அடிமைத்தன்மை என்னும் பொருளும் தமிழில் உண்டு. தொண்டன் என்றால் பிறருடைய சொல்லுக்குக் காத்திருப்பவன். நம் முகாம்களில் காத்திருந்தவர் யார், கட்டளையிட்டவர் யார் என்று எண்ணும்போது, நாம் செய்ததற்கு அச்சொல் பொருந்துமா என்பது ஐயமே.

முகாம் நாளன்று காலை ஆராதனையில் வாசிக்கப்பட்ட திருமறைப் பகுதி நல்ல சமாரியன் உவமை. நாம் எதிர்பார்த்தவாறே லூக்கா 10ஆம் அதிகாரம். அவ்வுவமையை நாம் எப்போதும் சமாரியனின் இடத்தில் நின்றே வாசிக்கிறோம். ஆனால் ஆண்டவர் கதையை அவ்வாறு முடிக்கவில்லை. எனக்குப் பிறன் யார் என்று நியாயசாஸ்திரி கேட்டான். அக்கேள்வியில் அவன் கொடுப்பவன், பிறன் பெறுபவன். ஆண்டவரோ, கள்ளர் கையில் அகப்பட்டவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று கேள்வியைத் திருப்புகிறார். விடை சொல்ல வேண்டுமானால் நியாயசாஸ்திரி வழியில் குற்றுயிராய்க் கிடப்பவனின் இடத்திலிருந்து பார்த்தாக வேண்டும். இத்திருப்பத்தை விரிவுரை நூல்கள் பலவும் சுட்டியுள்ளன; இறையியல் மாணவர் தேர்வில் எழுதியும் இருப்பர். ஆயினும் அருளுரை மேடையில் ஏறியவுடன் நாம் மீண்டும் சமாரியனின் கழுதைமேல் ஏறிக்கொள்கிறோம்.

உவமையில் நாம் கவனியாது விடும் மற்றொருவன் சத்திரக்காரன். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியது ஒரு மணி நேரப் பணி. அடுத்த நாள் முதல் காயம்பட்டவனைப் பார்த்துக்கொண்டவன் சத்திரக்காரனே. சமாரியன் அவனிடம், அன்பினிமித்தம் இலவசமாய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. இரண்டு பணம் கொடுத்தான். அக்காலத்தில் அது இரண்டு நாள் கூலி. அதற்கு மேற்செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் கூறினான். ஆகவே அவனுடைய இரக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன: உடனடி உதவி, பார்த்துக்கொள்வோனுக்குரிய கூலி, திரும்பி வருவேன் என்னும் வாக்கு. நம் முகாமில் முதலாவது மட்டும் இருந்தது. திரும்பி வருவீர்களா என்று அந்த மூதாட்டி கேட்டது, தாம் அறியாமலே அவ்வுவமையின் கடைசிப் பகுதியை நமக்கு நினைவூட்டியதாகும்.

தொண்டு பெறுவோரின் பேச்சுக்குத் திருமறையில் இடமுண்டா? உண்டு, அதுவும் திருச்சபையின் தொண்டு முறைமை பிறந்த இடத்திலேயே உண்டு. அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசியோரின் விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் புறக்கணிக்கப்பட்டதனால் முறுமுறுப்பு எழுகிறது. நன்றியில்லாதவர்கள் என்று எவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இலவசமாய்க் கிடைப்பதில் குறை காண்பதா என்று கேட்கவில்லை. சபை முழுவதும் கூட்டப்பட்டு, எழுவர் தெரிந்துகொள்ளப்படுகின்றனர். ஸ்தேவான், பிலிப்பு முதலிய அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பிரிவினரின் மொழி அறிந்தோர் கையிலேயே பந்திப் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்று கொள்வதற்கு இது இடந்தருகிறது. முறையீட்டிலிருந்து ஒரு முறைமை பிறந்தது.

இப்பகுதியில் 'தியக்கோனியா' என்னும் கிரேக்கச் சொல்லை நம் பழைய தமிழ்த் திருமறை 'விசாரணை' என்று பெயர்த்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. விசாரித்தல் என்றால் பேணுதல் என்பது நம் கிறிஸ்தவத் தமிழின் வழக்கு. கேட்டறிதல் என்பது பொது வழக்கு. இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. கேட்டறியாமல் பேணுதல் இயலாது என்பதை அம்மொழிபெயர்ப்பாளர் கருதினரோ இல்லையோ, மொழி நமக்கு அதனைத் தந்துள்ளது. இன்று இச்சொல்லைக் காவல் நிலையத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது வேறு செய்தி.

சபைகளின் மருத்துவப் பணியில் இக்கேள்வி புதிதன்று. 1964ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய ஆலோசனைக் கூட்டம், குணமாக்கும் பணி மருத்துவமனைக்கு மட்டுமன்றி உள்ளூர்ச் சபைக்கும் உரியது என்று வற்புறுத்திற்று. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது. சபைகளின் மருத்துவப் பணியில் ஏறத்தாழ 95 விழுக்காடு மருத்துவமனைக்குள் நடக்கும் நோய் தீர்க்கும் பணியாகவே இருந்ததாக அவ்வாணையத்தார் கண்டனர். அதாவது நாம் கதவுக்குள் அமர்ந்து, தட்டுவோருக்காகக் காத்திருந்தோம்.

அதே காலத்தில் வேலூரில் பயின்ற இருவர் வேறு வழியில் சென்றனர். ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்னும் தம்பதியர் 1970ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து அகமதுநகர் மாவட்டத்தில் ஜாம்கேட் என்னும் வறண்ட ஊரில் பணி தொடங்கினர். ஊரார் தங்களுக்கு முதலில் வேண்டியவை உணவும் நீருமே என்றனர்; மருத்துவர் இருவரும் அதனைக் கேட்டுக்கொண்டு கிணறும் உணவுமாகத் தொடங்கினர். பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கவைக்கும் முயற்சி பயன் தரவில்லை. வெளியூர் இளம்பெண் சொல்லைக் கிராமத்துப் பெண்கள் கேட்கவில்லை. எனவே கிராமமே தன் பெண்களில் ஒருவரைத் தெரிந்தெடுத்து அனுப்பிற்று. பலர் எழுத்தறிவில்லாதோர், பலர் தலித்துகள். அவர்கள் வாரந்தோறும் ஜாம்கேட்டில் கூடி, சாதி வேறுபாடின்றி உடனுண்டு, உடனுறங்கிக் கற்றனர். தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 176 என்றிருந்த குழந்தை இறப்பு, கால் நூற்றாண்டுக்குள் 30க்கும் கீழே இறங்கிற்று. 1975இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்று இப்பணியை எடுத்துக்காட்டிற்று. 1978இல் அல்மா அட்டா நகரில் அறிவிக்கப்பட்ட ஆரம்ப சுகாதாரக் கொள்கைக்கு முன்னோடியாகக் குறிக்கப்படும் பணிகளுள் இதுவும் ஒன்று.

திண்டிவனத்துக் கதையில் அறியாமையின் உருவமாய் நின்ற மருத்துவச்சி, ஜாம்கேட்டில் ஆசிரியையாகத் திரும்பி வந்துவிட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் சபைகளில் ஜாம்கேட்டைச் சொல்வோரும் ஆரோளே தம்பதியரின் தியாகத்தைச் சொல்லி அமைகின்றனர். மீண்டும் கொடுப்பவரின் கதை!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொண்டு பெற்றோர் தொண்டராவதைப் பாராட்டும் அவசரத்தில், அவர்களுடைய உழைப்பைக் கூலியின்றிப் பெறும் தந்திரத்துக்கு நாம் துணைபோகலாகாது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் 'ஆஷா' என்னும் பெயரில் ஏறத்தாழ பத்து இலட்சம் பெண்கள் நாடெங்கும் பணியாற்றுகின்றனர். அவர்கள் பணியாளர் அல்லர், கௌரவத் தொண்டர்கள் என்பது அரசின் கணக்கு. ஆகவே ஊதியம் இல்லை, ஊக்கத்தொகை உண்டு. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்தது. 2025இல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின்முன் அவர்கள் மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் அமர்ந்து, தொகையை உயர்த்தித் தருமாறு போராட வேண்டியிருந்தது. தொண்டர் என்று ஒருவரைப் புகழ்வது அவருக்குரியதைக் கொடாமைக்குச் சாக்காகுமானால் அப்புகழ்ச்சியில் நாம் சேரலாகாது. சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுக்கப்பட்டது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கின்றனர். அந்த மூதாட்டி நம்மிடம் கேட்ட கேள்விக்கு விடை, அவருடைய தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து புறப்படும் ஒரு பெண்ணின் வழியாக வந்தது. நம் பதாகையின் வழியாக வரவில்லை. அப்பெண்ணும் 'தன்னார்வலர்' என்றே அழைக்கப்படுகிறார். அவர் நம் சபையில் ஒருவராக இருக்கலாம். ஞாயிறுதோறும் பின் வரிசையில் அமர்ந்திருக்கலாம். முகாம் நடத்தும் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்ட சபையை நாம் இதுவரை கண்டதில்லை.

இவ்வாறெல்லாம் எழுதுவது, ஏதேனும் நன்மை செய்ய எழும்பும் இளைஞரின் ஆர்வத்தைக் கெடுத்துவிடாதா என்று ஆயர் ஒருவர் நம்மிடம் வருத்தத்தோடு கேட்டார். ஒன்றும் செய்யாதிருப்போரைவிட முகாம் நடத்துவோர் மேல் அல்லவா என்றார். மேல்தான். அந்த இருபது வாலிபரும் தங்கள் விடுமுறை நாளைக் கொடுத்தனர். அவர்களுள் ஒருத்தி பின்னர்ச் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள் என்றும் அறிவோம். ஆனால் அவர்கள் ஊர் திரும்பும் வண்டியில் பேசிக்கொண்டது முழுவதும் தங்களுக்குக் கிடைத்த மனநிறைவைப்பற்றியே இருந்தது. அம்மனநிறைவை நாம் பழிக்கவில்லை. அதைத் தொண்டின் அளவுகோலாகக் கொள்ளக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் என்பதையே சொல்கிறோம். திண்டிவனத்துக் கதையை நாம் சொன்ன முறையே அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

கதையை விட்டுவிட வேண்டுவதில்லை. அதனை நிறுத்துமிடத்தை மாற்றலாம். 1909ஆம் ஆண்டுவரை, 1918ஆம் ஆண்டுவரை சொல்லலாம். இறந்த மூவருக்கும் பெயரில்லை என்பதையாவது மேடையில் வாய்விட்டுச் சொல்லி, ஒரு நிமிடம் அமைதியாய் நிற்கலாம்.

இறையியல் மாணவரின் களப்பணி அறிக்கையில் ஒரு பக்கத்தைப் புதிதாகச் சேர்க்குமாறு ஈராண்டுகளுக்கு முன் நாம் வேண்டினோம். தொண்டு பெற்றோர் சொன்ன முறையீடு ஒன்றையேனும் அவர்கள் சொன்ன மொழியிலேயே அப்பக்கத்தில் எழுதவேண்டும். முதல் ஆண்டில் வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை, முறையீடு ஏதுமில்லை, மக்கள் மிகுந்த நன்றியுடன் இருந்தனர் என்றே கூறின. அவற்றைத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் போய்க் கேட்டு வருமாறு சொன்னோம். மாணவர் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டாயிற்று. சென்ற ஆண்டில் ஓர் அறிக்கையில் மூன்று வரிகள் இருந்தன. வர்ற தேதிய ஒரு வாரம் முந்தியே சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன தம்பி வரவே இல்ல. எல்லார் முன்னாலயும் என் வியாதிய சத்தமாக் கேக்காதீங்க.

மூன்றாவது வரியின் அருகே அம்மாணவர் தம் கையெழுத்தில் சிறிதாகக் குறித்திருந்தார்: அன்று சத்தமாய்க் கேட்டவர் தாமே என்று.